திரையில் இல்லாத வரி: அக்காவின் லேப்டாப்பில் ஒரு பயாஸ் அப்டேட்

அக்காவின் லேப்டாப்புக்கு ஒரு விசித்திரமான நோய். இரவு மூடி வைத்துவிட்டுக் காலையில் திறந்தால் கீபோர்டு விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், திரை மட்டும் கறுப்பாகவே கிடக்கும். பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடி போட்டால்தான் உயிர் வரும். அதற்குள் அவள் பாதி தட்டி வைத்திருந்தது போயிருக்கும். "டேய், இதைத் தலையைச் சுத்தித் தூக்கிப் போட்டுரலாமாடா?" என்று அவள் கேட்ட பிறகுதான் அந்த மாடலுக்கு வந்திருந்த பயாஸ் (கணினி எழும்போது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) பதிப்புகளைத் தேடிப் பார்த்தேன். கடைசிப் பதிப்பின் மாற்றக் குறிப்பில் ஒற்றை வாக்கியம்: உறக்க நிலையிலிருந்து திரும்பும்போது திரை வராத சிக்கல் சரிசெய்யப்பட்டுள்ளது.

கோப்பை இறக்கி, இருமுறை சொடுக்கி, பத்து நிமிடம் காத்திருந்தால் முடிந்தது. ஆனால் நான் பயாஸ் விஷயத்தில் சூடு கண்ட பூனை. சில ஆண்டுகளுக்கு முன்னால் என்னுடைய டெஸ்க்டாப்பில் இதே போல் பதவிசாக அப்டேட் செய்தேன். அப்டேட் ஒழுங்காகவே முடிந்தது. அடுத்த முறை எழும்போது விண்டோஸ் லோகோ வந்தது, புள்ளிகள் சுழன்றன, பிறகு நீலத் திரை. விண்டோஸ் இருக்கும் டிஸ்கான எஸ்எஸ்டி செத்துவிட்டது என்று முடிவு கட்டி, ராத்திரி முழுக்க உட்கார்ந்து விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். இரண்டு நாள் கழித்து வேறு எதற்கோ பயாஸுக்குள் போனபோதுதான் தெரிந்தது, ரெய்டு என்று இருந்த சாட்டா மோட் (டிஸ்கோடு கணினி எந்த முறையில் பேச வேண்டும் என்ற வரி) அப்டேட்டில் ஏஹெச்சிஐ என்று மாறியிருந்தது. அந்த ஒரு வரியைத் திருப்பி வைத்திருந்தால் பழைய விண்டோஸ் அப்படியே எழுந்து வந்திருக்கும்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். பயாஸைத் தொடுவதற்கு முன் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்வேன். பயாஸே அமைப்புகளைப் புரொஃபைலாகச் சேமித்துக்கொள்ளும் வசதி சில போர்டுகளில் உண்டு. அதை நான் நம்புவதில்லை. ஒரு பதிப்பில் சேமித்த புரொஃபைலை வேறு பதிப்பு ஏற்க மறுப்பதைப் பார்த்திருக்கிறேன். நமக்குத் தேவைப்படும் ஒரே தருணம் அதுதான். போன் படம் எந்தப் பதிப்போடும் சண்டை போடாது.

எதை வேண்டுமானாலும் விட்டுவிடலாம், டிஸ்க் எந்த மோடில் ஓடுகிறது என்ற வரியை மட்டும் விடக்கூடாது. அக்காவின் லேப்டாப்பில் அந்த வரியே இல்லை.

எங்கே போனது?

முதலில் பயாஸுக்குள் போவதே ஒரு வேலையாக இருந்தது. விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும்போது 'ஷட் டவுன்' கொடுத்தாலும் கணினி முழுதாக அணைவதில்லை, விண்டோஸின் மையப் பகுதியான கர்னலைத் தூங்க வைத்துவிட்டு அணைந்தது போல் நடிக்கிறது. ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுனைச் சொடுக்கினால்தான் உண்மையில் அணையும். அப்படி அணைத்துவிட்டு, பவர் போட்டதும் எஃப்2-வைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

ஐந்து பக்கங்கள். இன்ஃபர்மேஷன், மெயின், செக்யூரிட்டி, பூட், எக்ஸிட். முதல் பக்கத்தில் பிராசசர் பெயர், பயாஸ் பதிப்பு, எஸ்எஸ்டியின் மாடலும் சீரியல் எண்ணும். மெயினில் தேதி, நேரம், எஃப்12 பூட் மெனு, டச்பேட், ஃபங்ஷன் கீக்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற வரி. சாட்டா மோடோ ரெய்டோ ஏஹெச்சிஐயோ எங்கும் கிடையாது. எல்லாப் பக்கத்தையும் மேலும் கீழும் இரண்டு முறை உருட்டிவிட்டேன்.

எனக்குள் இருந்த சோம்பேறி உடனே ஒரு நியாயம் கண்டுபிடித்தான். உள்ளே இருப்பது என்விஎம்இ எஸ்எஸ்டி, சாட்டா வழியாகப் பேசாத வகை, அதற்குச் சாட்டா மோட் எதற்கு? வரி இல்லையென்றால் மாறவும் ஒன்றுமில்லை, தைரியமாகப் போகலாம் என்றான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பிராசசர் பெயரைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. இன்டெல் 11-ஆம் தலைமுறை.

ஏன் நின்றது என்பதற்குக் கொஞ்சம் பின்கதை வேண்டும். பழைய கணினிகளில் டிஸ்க் எந்த மோடில் ஓடுகிறது என்பதை மதர்போர்டின் சிப்செட் தீர்மானித்தது. பயாஸில் அதற்குச் சாட்டா மோட் என்று ஒரு வரி இருந்தது. 2017-இல் வந்த சியான் ஸ்கேலபிள் சர்வர் பிராசசர்களில் இன்டெல் விஎம்டி என்று ஒன்றைச் சேர்த்தது. விரித்தால் வால்யூம் மேனேஜ்மென்ட் டிவைஸ். பிராசசருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் ஒரு வாயில்காப்போன் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்விஎம்இ டிஸ்குகளைத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டு வெளியே தன் முகத்தை மட்டும் காட்டுவான். அவனோடு பேசத் தெரிந்த டிரைவர் இருந்தால்தான் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு உள்ளே இருக்கும் டிஸ்க் தெரியும். சர்வரில் இதற்கு அர்த்தம் உண்டு. ஓடும்போதே டிஸ்கைக் கழற்றி மாட்டலாம், பல டிஸ்குகளை ரெய்டாக, அதாவது ஒரே டிஸ்க் போல, கட்டலாம். 2020-இல் 11-ஆம் தலைமுறையோடு இதே ஏற்பாடு லேப்டாப்புக்குள்ளும் வந்துவிட்டது. ஒற்றை எஸ்எஸ்டி போட்ட லேப்டாப்புக்கு இவ்வளவு காவல் எதற்கு என்று நானும் கேட்டதுண்டு. எப்படியோ, அந்தத் தலைமுறை லேப்டாப்புகளில் பல, விஎம்டி இயங்கும் நிலையில்தான் தொழிற்சாலையிலிருந்து வந்தன.

ஆக, என்விஎம்இ என்பதால் மோட் வரி தேவையில்லை என்ற வாதம் இந்த மெஷினில் செல்லாது. வரி வேறு பெயரில் எங்கேயோ இருக்க வேண்டும்.

பாஸ்வேர்டு பக்கம் போனேன். சூப்பர்வைசர் பாஸ்வேர்டு வைக்கும்வரை சில வரிகளைத் தொடவே விடாத பயாஸ்கள் உண்டு. எளிய பாஸ்வேர்டு ஒன்றை வைத்து, முதலில் காகிதத்தில் எழுதிக்கொண்டு (லேப்டாப்பில் இதை மறந்தவர்களின் கதை சோகமானது, மின்கலத்தைக் கழற்றினாலும் பல மாடல்களில் போகாது) மறுபடி உள்ளே வந்தேன். செக்யூர் பூட் பகுதியில் மங்கலாக இருந்த இரண்டு மூன்று வரிகள் உயிர் பெற்றன. டிஸ்க் வரி வரவில்லை.

விண்டோஸிடம் கேட்டேன்

பயாஸ் வாயைத் திறக்காவிட்டால் மறுமுனையில் இருப்பவரிடம் கேட்பது நல்லது. விண்டோஸுக்குள் போய் டிவைஸ் மேனேஜரில் 'ஸ்டோரேஜ் கன்ட்ரோலர்ஸ்' என்ற கிளையை விரித்தேன். விஎம்டி இயங்கினால் அங்கே இன்டெல் ஆர்எஸ்டி விஎம்டி கன்ட்ரோலர் என்று ஒரு வரி இருக்கும், டிரைவர் விவரத்தில் 'ஐஏஸ்டோர்விடி' என்று தொடங்கும் கோப்பு தெரியும். இங்கே இருந்தது 'ஸ்டாண்டர்ட் என்விஎம் எக்ஸ்பிரஸ் கன்ட்ரோலர்'. டிரைவர், விண்டோஸோடே வரும் 'ஸ்டோர்என்விஎம்இ'. அதாவது வாயில்காப்போன் இல்லை, விண்டோஸ் எஸ்எஸ்டியோடு நேரடியாகப் பேசுகிறது. விஎம்டி அணைந்திருக்கிறது.

இது எனக்கு உறுத்தியது. தொழிற்சாலையில் எரிந்துகொண்டிருந்த விளக்கை யார் அணைத்தது?

அக்காவைக் கூப்பிட்டேன்.

"இதை யார்கிட்டயாவது குடுத்து விண்டோஸ் மாத்தினியா?"

"ஆமாண்டா, போன வருஷம் ரொம்ப ஸ்லோவா இருந்துச்சுன்னு குடுத்தேன். அவரு அரை மணி நேரம் டிஸ்கே தெரியலை, டிஸ்கே தெரியலைன்னு பொலம்பிட்டு இருந்தாரு. அப்புறம் என்னமோ பண்ணாரு, தெரிஞ்சுருச்சு."

'என்னமோ பண்ணாரு.' முடிச்சு அங்கே அவிழ்ந்தது. அவர் வைத்திருந்த விண்டோஸ் யூஎஸ்பியில் விஎம்டிக்கான டிரைவர் இல்லை. அதனால் இன்ஸ்டாலரின் பட்டியல் காலியாக இருந்திருக்கும். சரியான வழி, ஆர்எஸ்டி என்ற அந்த இன்டெல் டிரைவரை யூஎஸ்பியில் போட்டு 'லோட் டிரைவர்' கொடுப்பது. குறுக்கு வழி, பயாஸில் விஎம்டியை அணைத்துவிடுவது. அவர் குறுக்கு வழியில் போயிருக்கிறார். அதில் தப்பொன்றும் இல்லை, நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் செய்ததை ஒரு வரி எழுதி வைக்கவில்லை.

இப்போது ஆபத்து தெளிவாகத் தெரிந்தது. அப்டேட் அமைப்புகளைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பினால் விஎம்டி எரியும். உள்ளே இருக்கும் விண்டோஸ், விஎம்டி அணைந்த நிலையில் பிறந்தது, அந்த வாயில்காப்போனை அது பார்த்ததே இல்லை. என் டெஸ்க்டாப்பில் நடந்தது இங்கே தலைகீழாக நடக்கும்.

ஆனால் அவர் அணைத்தார் என்றால் அணைப்பதற்கு ஒரு வரி இருந்திருக்க வேண்டும் அல்லவா?

கன்ட்ரோல்-எஸ்

சில லேப்டாப்புகளில் மெயின் பக்கத்தில் கன்ட்ரோல்-எஸ் அழுத்தினால் மறைந்திருக்கும் வரி வரும் என்று எங்கோ கேள்விப்பட்ட ஞாபகம். உள்ளே போய் அழுத்தினேன். ஒன்றுமில்லை. மூன்று முறை அழுத்தினேன். ஒன்றுமில்லை. இந்த மாடலில் அது இல்லை போலிருக்கிறது என்று வெளியே வரப்போகும்போதுதான் கவனித்தேன், பயாஸ் திறந்ததும் நான் நின்றுகொண்டிருந்தது இன்ஃபர்மேஷன் பக்கத்தில். வலது அம்புக்குறியைத் தட்டி மெயினுக்கு வந்து, மறுபடி கன்ட்ரோல்-எஸ்.

பக்கத்தின் அடியில் சத்தமில்லாமல் ஒரு வரி முளைத்தது. விஎம்டி கன்ட்ரோலர்: டிசேபிள்டு.

படம் எடுத்தேன். இரண்டு படம் எடுத்தேன், ஒன்று மங்கிவிட்டால்.

இந்த மறைத்தல் மந்திரமல்ல. இன்றைய பயாஸ் என்று நாம் சொல்வது உண்மையில் அதன் வாரிசான யூஇஎஃப்ஐ. அதில் அமைப்புப் பக்கங்கள் ஐஎஃப்ஆர் என்ற ஒரு சிறு மொழியில் எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு வரியையும் நிபந்தனை போட்டுச் சுற்றலாம். 'சப்ரஸ் இஃப்' என்றால் நிபந்தனை நிறைவேறும்போது வரியைக் காட்டாதே. 'கிரே அவுட் இஃப்' என்றால் காட்டு, ஆனால் தொட விடாதே. முக்கியமானது என்னவென்றால், வரி மறைந்தாலும் அதன் மதிப்பு மறைவதில்லை. அது ஃபிளாஷ் சிப்பில் ஒரு மூலையில் எழுதப்பட்டபடியே இருந்து, ஒவ்வொரு முறை கணினி எழும்போதும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். நாம் பார்க்கும் பயாஸ் திரை, அந்த மதிப்புகளில் தயாரிப்பாளர் நமக்குக் காட்டலாம் என்று நினைத்தவற்றின் பட்டியல் மட்டுமே.

மறைந்திருக்கும் மதிப்புகளை வெளியிலிருந்து நேராக மாற்றும் கருவிகளும் உண்டு. ஒரு பதிப்பில் ஒரு பொருள் தரும் இடம் அடுத்த பதிப்பில் வேறு பொருள் தரலாம். தவறான இடத்தில் ஒரு பைட் எழுதினால் லேப்டாப் செங்கல்லாகிவிடும். அந்த வழிக்கு நான் போகவில்லை, கன்ட்ரோல்-எஸ் கொடுத்ததே போதும்.

இன்னொரு கேள்வி மீதி இருந்தது. தொழிற்சாலை நிலையில் விஎம்டி எரியும் என்பது என் ஊகம்தானே? அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு, பலர் பயன்படுத்துவதில்லை. இந்த பயாஸில் எஃப்9 அழுத்தினால் எல்லா வரிகளுக்கும் தொழிற்சாலை மதிப்பு வரும், ஆனால் எஃப்10 அழுத்திச் சேமிக்கும்வரை எதுவும் எழுதப்படாது. எஃப்9 அழுத்திவிட்டு, மெயினுக்குப் போய்ப் பார்த்தேன். விஎம்டி கன்ட்ரோலர்: எனேபிள்டு. எஃப்12 பூட் மெனுவும் அணைந்திருந்தது. ஃபங்ஷன் கீ வரியும் மாறியிருந்தது. அப்டேட்டுக்குப் பிறகு எதெல்லாம் கவிழும் என்பதன் முன்னோட்டம் முழுதாகக் கையில். அதையும் படம் எடுத்துக்கொண்டு, எக்ஸிட் பக்கத்தில் மாற்றங்களைக் கைவிட்டு வெளியேறும் வரியைத் தேர்ந்தேன். இந்த இடத்தில் பழக்கதோஷத்தில் எஃப்10-க்குப் போகும் விரலைக் கட்டிப்போட வேண்டும்.

பூட்டுக்குச் சாவி

டிஸ்க் விஷயம் முடிந்தது என்று நினைத்து, கடைசியாகக் குறியாக்கம் இருக்கிறதா என்று பார்த்தேன். அக்காவிடம் கேட்டால் "அப்படின்னா?" என்பாள் என்று தெரியும். நிர்வாகி உரிமையோடு கட்டளைத் திரையைத் திறந்து 'மேனேஜ்-பிடிஇ' கட்டளையை 'ஸ்டேட்டஸ்' தேர்வோடு ஓட்டினேன். சி டிரைவ் முழுதும் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தது. ஹோம் பதிப்பில்கூட, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' தானாக இயங்கிவிடுவது உண்டு, உரிமையாளருக்கே தெரிவதில்லை.

இது ஏன் பெரிய விஷயம்? விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரின் சாவி, டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பில் பூட்டப்பட்டிருக்கும். கணினி எழும்போது ஃபர்ம்வேர் (அதாவது பயாஸ்) தன்னைத்தானே அளந்து, அந்த அளவுகளை டிபிஎம்மில் பதியும். அளவு முன்பிருந்தது போலவே இருந்தால்தான் டிபிஎம் சாவியைக் கொடுக்கும். ஃபர்ம்வேரே மாறினால் அளவும் மாறக்கூடும். அப்படி மாறினால் பிட்லாக்கர் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். சாவி இல்லையென்றால் டிஸ்கில் இருப்பது வெறும் இரைச்சல்.

எனவே முதலில் மீட்புச் சாவி. அவளுடைய கணக்கில் நுழையக் கடவுச்சொல் கேட்டது. "பின் நம்பர் தாண்டா எனக்குத் தெரியும்." பின் அந்த லேப்டாப்போடு மட்டும் ஒட்டியது, கணக்கின் கடவுச்சொல் வேறு என்று விளக்கி, அதை மீட்டு, புதிதாக வைத்து, உள்ளே போய் 48 இலக்கத்தைக் காகிதத்தில் எழுதுவதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. இந்த முழு வேலையிலும் அதிக நேரம் தின்றது இதுதான். ஆறு ஆறு இலக்கமாக எட்டுக் கட்டங்கள். எழுதியதை அவள் வாய்விட்டுப் படிக்க, நான் திரையோடு ஒப்பிட்டேன். திரையில் காட்டும் சாவி அடையாள எண்ணும் லேப்டாப் சொல்லும் அடையாள எண்ணும் ஒன்றுதானா என்பதையும் பார்க்க வேண்டும். பழைய விண்டோஸின் சாவியும் அதே கணக்கில் பக்கத்திலேயே கிடந்தது.

பிறகு பாதுகாப்பைத் தற்காலிகமாக நிறுத்தினேன். குறியாக்கத்தை நீக்கவில்லை, நிறுத்தி மட்டும் வைத்தேன். 'மேனேஜ்-பிடிஇ' கட்டளையில் 'புரொடெக்டர்ஸ்', 'டிசேபிள்' என்ற தேர்வுகள். சும்மா விட்டால் ஒரு ரீஸ்டார்ட்டோடு பாதுகாப்பு திரும்பிவிடும். ஃபர்ம்வேர் அப்டேட்டில் எத்தனை முறை எழுந்து விழும் என்று நமக்குத் தெரியாது. அதனால் 'ரீபூட்கவுன்ட்' என்ற தேர்வில் 0 கொடுத்தேன். நாமே திருப்பிப் போடும்வரை நின்றிருக்கும்.

அவளுடைய கோப்புகளை வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்ததைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஏற்றினேன்

சார்ஜர் செருகியிருந்தது, பேட்டரி எண்பதுக்கு மேல். வெளியே செருகியிருந்த எல்லாவற்றையும் பிடுங்கினேன். அப்டேட் கோப்பை ஓட்டினேன். திரை அணைந்து, கறுப்பில் ஒரு சதவீதக் கோடு வந்தது. 100 தொட்டதும் மறுபடி கறுப்பு. ஃபேன் முழு வேகத்தில் கத்தியது. ஒரு நிமிடத்துக்கு மேல் எந்த அசைவும் இல்லை. இந்த ஒரு நிமிடத்தில்தான் மனிதர்கள் பவர் பட்டனைத் தேடிப் போய் லேப்டாப்பைக் கொல்கிறார்கள். நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அக்கா கிச்சனிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னடா சாமி கும்பிடற மாதிரி நிக்கிற?" என்றாள்.

லோகோ வந்தது. புள்ளிகள் சுழன்றன. நீலத் திரை.

'இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்.'

அதைப் பார்த்து நான் சிரித்ததை அக்கா இன்னும் நம்ப மறுக்கிறாள். எதிர்பார்த்த விருந்தாளி.

லோகோவும் சுழலும் புள்ளிகளும் வந்த பிறகு ஏன் டிஸ்க் காணாமல் போகிறது என்பதுதான் என்னை அந்த டெஸ்க்டாப் இரவில் குழப்பியது. டிஸ்க் தெரியாவிட்டால் லோகோவே வரக்கூடாதே? விஷயம் இதுதான். விண்டோஸின் பூட் மேனேஜர் டிஸ்கைப் படிப்பது ஃபர்ம்வேரின் உதவியோடு. ஃபர்ம்வேருக்கு விஎம்டியோடு பேசத் தெரியும், அதனால் கர்னலும் தொடக்க டிரைவர்களும் பிரச்சினையின்றி மெமரிக்கு வந்துவிடும். அதன் பிறகு கர்னல், ஃபர்ம்வேரின் கையை விட்டுவிட்டுத் தன் சொந்த டிரைவரோடு டிஸ்கைத் தேடும். அந்த டிரைவருக்கு வாயில்காப்போனின் மொழி தெரியாது. ஒரு நொடி முன்பு வரை எந்த டிஸ்கிலிருந்து தான் ஏறி வந்ததோ அதையே காணவில்லை என்று கர்னல் கையை விரித்துவிடும். டிஸ்க் செத்திருந்தால் கதை அந்த இடத்துக்கே வந்திருக்காது. லோகோவுக்குப் பிறகு இந்த நீலத் திரை வருகிறது, அதுவும் பயாஸ் அப்டேட்டுக்கு அடுத்த பூட்டில் வருகிறது என்றால், எஸ்எஸ்டியைச் சந்தேகிக்கும் முன் மோடைச் சந்தேகிக்க வேண்டும்.

தானாக ரீஸ்டார்ட் ஆகும் முன் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன். இப்படிச் சில முறை தோற்றால் விண்டோஸ் தானியங்கிப் பழுதுபார்ப்பைத் தொடங்கிவிடும், அது இருக்கும் நல்ல பூட் அமைப்பையும் குடைய வாய்ப்பு உண்டு. எஃப்2. வலது அம்பு. கன்ட்ரோல்-எஸ். விஎம்டி கன்ட்ரோலர்: எனேபிள்டு என்று நின்றது. டிசேபிள்டு ஆக்கி, எஃப்10.

விண்டோஸ் எதுவும் நடக்காதது போல் எழுந்து வந்தது. நீலத் திரையிலிருந்து டெஸ்க்டாப் வரை இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

முன்பு எடுத்த படங்களை வைத்து ஒவ்வொரு பக்கமாக ஒப்பிட்டேன். எஃப்9 முன்னோட்டத்தில் பார்த்தபடியே எஃப்12 மெனுவும் ஃபங்ஷன் கீயும் கவிழ்ந்திருந்தன. சூப்பர்வைசர் பாஸ்வேர்டு மட்டும் பிழைத்திருந்தது, அதை நீக்கினேன். கடிகாரம் சரியான நேரத்தையே காட்டியது. அதற்கு ஒரு காரணம் உண்டு. 1984-இல் வந்த ஐபிஎம் பிசி ஏடியில் கடிகாரமும் பயாஸ் அமைப்புகளும் மின்கலத்தில் உயிர் வாழும் ஒரே சீமோஸ் சிப்பில் இருந்தன, மொத்தமே 64 பைட், அதில் 14 கடிகாரத்துக்கு. இன்று அமைப்புகள் பெரும்பாலும் ஃபர்ம்வேர் இருக்கும் அதே ஃபிளாஷ் சிப்பில் குடியிருக்கின்றன, கடிகாரம் தனியாக இருக்கிறது. வீட்டை வெள்ளையடிக்கும்போது சுவரில் எழுதி வைத்தது போகும், கையில் கட்டிய கடிகாரம் போகாது. அமைப்புகளை அழிப்பதற்கு 'சீமோஸ் கிளியர்' என்ற பழைய சொல்லை மட்டும் நாம் விடாமல் வைத்திருக்கிறோம்.

பிறகு பிட்லாக்கர் பாதுகாப்பைத் திரும்ப இயக்கினேன். ரீஸ்டார்ட். சாவி கேட்கவில்லை, புதிய அளவுகளோடு ஒத்துப்போய்விட்டது. இந்தப் படியை மறந்தால் டிஸ்க் பூட்டு திறந்தே கிடக்கும், யாரும் சொல்ல மாட்டார்கள்.

இனி?

விஎம்டியை எரியவிட்டு விண்டோஸையே அதற்குப் பழக்கிவிடலாமா என்று யோசித்தேன். தொழிற்சாலை நிலையோடு ஒத்திருந்தால் அடுத்த அப்டேட்டில் இந்தக் கூத்து இருக்காது. ஆனால் இந்தப் பாதை ஒரு பக்கம்தான் சுலபம். விஎம்டியிலிருந்து நேரடி என்விஎம்இக்கு வருவதென்றால் டிரைவர் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. அடுத்த பூட் சேஃப் மோடில் என்று குறித்துவிட்டு, பயாஸில் வரியை மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் எழுப்பினால் விண்டோஸ் தானே பழகிக்கொள்ளும். (சேஃப் மோடில் பின் வேலை செய்யாமல் போகலாம், கணக்கின் கடவுச்சொல் கையில் இருக்க வேண்டும்.) எதிர்ப்பக்கம் போக, இல்லாத ஒரு டிரைவரை, கண்ணில் இல்லாத ஒரு கன்ட்ரோலருக்காக, விண்டோஸ் எழும் முதல் நொடியிலேயே ஏறும்படி உள்ளே திணிக்க வேண்டும். ஒற்றை எஸ்எஸ்டி லேப்டாப்பில் விஎம்டியால் அக்காவுக்கு ஒரு லாபமும் இல்லை. அணைந்தே இருக்கட்டும்.

ஒரு கவலை மட்டும் பாக்கி. ஃபர்ம்வேர் அப்டேட்டுகள் இப்போது விண்டோஸ் அப்டேட் வழியாகவும் வருகின்றன. நான் பக்கத்தில் இல்லாத ஒரு நாள், அவள் 'அப்டேட் அண்ட் ரீஸ்டார்ட்' கொடுத்துவிட்டுப் போய், திரும்பி வந்து நீலத் திரையைப் பார்த்து, லேப்டாப்பை யாரிடமோ தூக்கிக் கொடுக்க, அவர் மறுபடி விண்டோஸைப் போட்டுத் துடைத்துவிடுவார். எனவே லேப்டாப்பின் அடிப்பக்கத்தில், காற்றுத் துளைகளை மறைக்காத இடத்தில், ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி மார்க்கரால் எழுதினேன்:

நீலத் திரை வந்தால் — எஃப்2 — மெயின் — கன்ட்ரோல்-எஸ் — விஎம்டி டிசேபிள்டு — எஃப்10.

அக்கா அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "மெயின்னா முதல் பக்கமா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். மார்க்கரை வாங்கி 'மெயின்' என்ற சொல்லுக்கு மேலே 'இரண்டாவது பக்கம்' என்று அவளே எழுதிக்கொண்டாள்.

மூடித் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். மூன்று வாரத்தில் திரை ஒருமுறைகூடக் கறுக்கவில்லை.